பச்சை மூக்கில் ஒரு பொட்டு

எங்கள் மாவு மில்லில் அந்தத் தொலைபேசி வாரத்துக்கு ஒரு முறைதான் அடிக்கும். புதன்கிழமை, காலை பதினொரு மணி வாக்கில். மற்ற நாட்களில் மேசைமேல் சும்மா உட்கார்ந்து மாவுத்தூசி தின்னும். ஊர் உலகத்தோடு பேச எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் கைபேசி இருக்கிறது. அந்த ஒரே ஓர் அழைப்புக்காகத்தான் இந்த இணைப்பை விடாமல் வைத்திருக்கிறோம். கூப்பிடுவது என் தம்பி. சிறையிலிருந்து.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆயக்குடிப் பக்கம் அப்பா விட்டுப்போன கொய்யாத் தோப்பில், ஒரு வரப்புத் தகராறில், தம்பி கையிலிருந்த மண்வெட்டியை ஓங்கினான். பக்கத்துத் தோப்புக்காரர் ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. அவருக்கும் ஓர் அக்காவோ தங்கையோ இருந்திருப்பாள். அதை நினைக்காமல் எனக்கு ஒரு நாளும் விடிந்ததில்லை. தீர்ப்பு வந்த அன்று நீதிமன்ற வாசலில் வைத்து, "ஒன்னையப் பாக்க நான் அந்தப் படி ஏற மாட்டேன்" என்று அவன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்தேன். கோபம் வந்தால் எனக்கு வாய் முன்னால் போகும், புத்தி பின்னால் வரும். வந்த பிறகும், சொன்ன சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது.

அதற்குப் பிறகுதான் போன் வர ஆரம்பித்தது. எழுதிக்கொடுத்த எண்ணுக்கு மட்டும்தான் அங்கே பேச விடுவார்களாம். தம்பி எழுதிக்கொடுத்தது மில் எண்ணை. கைபேசி எண்ணெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கிறது? அப்பா காலத்து மில் இது; அதன் பெயர்ப்பலகையைச் சின்ன வயதிலிருந்து பார்த்துப் பார்த்து மனசில் ஒட்டிப்போன எண் அது ஒன்றுதான். முதல் மாதம் நான் எடுக்கவே இல்லை. மணி அடிக்கும்போது மிளகாய் அரைக்கிற இயந்திரத்தை ஓட்டிவிட்டு அந்தச் சத்தத்துக்குள் ஒளிந்துகொள்வேன். ஐந்தாவது வாரம் என் கை என்னைக் கேட்காமலே எடுத்துவிட்டது.

"ஏன்க்கா எடுக்கவே இல்ல?" என்றான்.

"லைன் ரிப்பேரு" என்றேன்.

"சரிக்கா" என்றான். நம்பினானா, நம்பாமல் விட்டுக்கொடுத்தானா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அன்றிலிருந்து ஒரு புதன்கிழமையையும் நான் தவறவிடவில்லை. அதிகம் பேசமாட்டோம். சோற்றுக்கு என்ன வெஞ்சனம், மழை பெய்ததா, மோட்டார் ஓடுகிறதா, அவ்வளவுதான். நேரம் முடிந்ததும் தானே துண்டித்துவிடும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் தெருவில் பழைய செம்புக் கம்பியை எல்லாம் கழற்றிவிட்டுக் கண்ணாடி இழை போட்டார்கள். இனிமேல் எல்லாம் டிஜிட்டல் என்றார்கள். முன்பு சுவரில் ஒரு துளை, அதில் ஒரு கம்பி, அதன் நுனியில் போன். எனக்குப் புரிந்த ஏற்பாடு. இப்போது மேசைக்கு மேலே சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி. எல்லாரும் அதை மோடம் என்கிறார்கள். முன்பக்கம் வரிசையாக விளக்குகள், கீழ்ப்பக்கம் வரிசையாக ஓட்டைகள். தெருக் கம்பத்திலிருந்து மெல்லிய கறுப்பு வயர் ஒன்று சன்னல் வழியாக வந்து, பச்சை நிறத்தில் சுண்டுவிரல் நுனி அளவு ஒரு மூக்கோடு முடிகிறது. அந்த மூக்கைப் பெட்டியில் சொருக வேண்டும். பெட்டியிலிருந்து இன்னொரு வயர் போனுக்கு வருகிறது. அந்த இழைக்குள்ளே ஓடுவது மின்சாரம் இல்லை, வெளிச்சம் என்று மாட்டிக்கொடுத்தவர் சொன்னார். வெளிச்சம் எப்படிப் பேசும் என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவருக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

இந்த வருடம் ஆயுத பூஜை வந்தது. மில் நடத்துகிறவர்களுக்குத் தீபாவளியைவிடப் பெரிய நாள் அதுதான். இரண்டு நாளைக்கு முன்பே அரவையை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றி, கல்லைப் பிரித்து, மூலைமுடுக்கெல்லாம் ஒட்டியிருக்கும் மாவைச் சுரண்டி எடுப்போம். எங்கள் மில்லில் ஒரு வழக்கம் உண்டு. அன்றைக்குத் துடைப்பதற்காகக் கையில் எடுத்த எந்தப் பொருளையும் பொட்டு வைக்காமல் திரும்ப வைக்கக் கூடாது. ஸ்பேனருக்குப் பொட்டு, அது திருகுகிற நட்டுக்குப் பொட்டு, எண்ணெய் டப்பாவுக்கு ஒன்று, அதன் மூடிக்குத் தனியாக ஒன்று. ஒரு கையில் ஈரத்துணி, மடியில் சந்தனக் கிண்ணமும் குங்குமமும். பத்து மணிக்கு ஆரம்பித்தால் மத்தியானத்துக்குள் கை பாட்டுக்கு வேலை செய்யும், மனசு எங்கேயோ போய்விடும். வாசலில் பூசணிக்காயை உடைத்து, பொரி கடலை கொடுத்து, மறுநாள் நல்ல நேரத்தில் ஸ்விட்சைத் தட்டினோம். மோட்டார் சிங்கம் மாதிரி ஓடியது. நானும் திருப்தியாகிவிட்டேன்.

அடுத்த புதன்கிழமை பதினொரு மணிக்குப் போன் அடிக்கவில்லை.

பதினொன்றரை. பன்னிரண்டு. அடிக்கவில்லை. எனக்கு முதலில் வந்தது கவலை இல்லை, கோபம்தான். நான் காத்துக்கிடக்கிறேன், அவனுக்கு அங்கே என்ன வெட்டி முறிக்கிற வேலை? சாயங்காலம் மேசையைத் துடைக்கும்போது ஏதோ தோன்றி ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தேன். வழக்கமான ரீங்காரம் இல்லை. வெறும் காற்று. நிமிர்ந்து பெட்டியைப் பார்த்தேன். பச்சையாக எரிய வேண்டிய இடத்தில் சிவப்பு விளக்கு ஒன்று கண்சிமிட்டிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் புரிந்தது. அவன் கூப்பிட்டிருக்கிறான். இங்கே அடிக்கவில்லை. அங்கே அவனுக்கு என்ன கேட்டிருக்கும்? மணி அடித்து யாரும் எடுக்காதது மாதிரி கேட்டிருக்குமா, இல்லை எண்ணே இல்லை என்று சொல்லியிருக்குமா? லைன் எப்போது போயிற்று? நேற்றா, போன வாரமா? வாரத்தில் ஒரு நாள் மட்டும் தொடுகிற பொருளைப் பற்றி யார் என்ன சாட்சி சொல்ல முடியும்?

வீட்டுக்காரர் அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த இயந்திரத்துக்கும் அவரிடம் ஒரே வைத்தியம்தான் உண்டு: அணைத்துவிட்டுப் போடுவது. அணைத்தார், போட்டார். எல்லா வயரையும் பிடுங்கினார், ஊதினார், திரும்பச் சொருகினார். "மாவுத்தூசி போயி அடைச்சிருக்கும்" என்றார். சிவப்பு விளக்கு அவரைப் பார்த்தும் கண்சிமிட்டியது.

புகார் எண்ணுக்குக் கைபேசியில் கூப்பிட்டேன். தமிழுக்கு ஒன்றை அழுத்து, பழுதுக்கு இரண்டை அழுத்து என்று ஓர் இயந்திரம் என்னை ஆட்டி வைத்தது. கடைசியில் ஒரு பெண் வந்தாள்.

"மேடம், செவப்பு லைட் எரியுதா, பிளிங்க் ஆகுதா?"

"அணைஞ்சு அணைஞ்சு எரியுதும்மா."

"அப்ப உங்க பாக்ஸுக்கு லைட் வரல மேடம்."

"லைட்டு எரியுதுன்னுதானே சொல்றேன்?"

"அது இல்ல மேடம், உள்ள வர்ற லைட்."

எரிகிற விளக்கு, விளக்கு வரவில்லை என்று சொல்வதற்காக எரிகிறதாம். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. பெட்டியை ஒருமுறை அணைத்துப் போடச் சொன்னாள். வீட்டுக்காரர் என்னைப் பெருமையோடு பார்த்தார். அணைத்துப் போட்டோம். பிறகு ஆள் அனுப்புவதாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை லைன்மேன் வந்தார். முப்பது முப்பத்தைந்து வயது, ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர் என்பது வாயைத் திறந்ததுமே தெரிந்தது. பச்சை மூக்கைப் பெட்டியிலிருந்து உருவி, கையில் வைத்திருந்த மீட்டரில் சொருகிப் பார்த்தார்.

"ஏனுங்க்கா, வெளிச்சமே வரலீங்களே. இந்தப் பக்கம் ரோடு கீது தோண்டுனாங்களா?"

"இந்த ஊர்ல தோண்டாத ரோடு எங்கப்பு இருக்கு?" என்றேன்.

ஏணியைச் சாய்த்துக் கம்பத்தில் ஏறினார். அங்கே இருந்த பெட்டியில் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். "கம்பத்துல அருமையா வருதுங்க. கம்பத்துக்கும் உங்க மேசைக்கும் நடுவுலதான் போயிருக்குது. எலி கடிச்சிருக்கும், இல்லீன்னா எங்கியாச்சும் மடங்கியிருக்குமுங்க. உள்ள முடியாட்டம் கண்ணாடிங்க. மடங்குனா முடிஞ்சுதுங்க." புது வயர் இழுக்க வேண்டுமாம். வயர் கையில் இல்லையாம். திங்கட்கிழமை வந்துவிடுமாம்.

அவர் போனதும் நானும் வீட்டுக்காரரும் அந்த வயரைக் கம்பத்திலிருந்து மேசை வரைக்கும் ஒரு சாண் விடாமல் பார்த்தோம். எலி கடித்த தடம் இல்லை. மடிப்பு இல்லை. அணில் என்றார் அவர். அணிலின் தடமும் இல்லை. வெளியே எந்தக் காயமும் இல்லாமல் ஒன்று உள்ளே எப்படி உடையும் என்று எனக்குப் புரியவே இல்லை. அரவைக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். இடி என்றார் ஒருவர். மழையே இல்லாத வாரத்தில் இடி!

திங்கட்கிழமை வயர் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. புதன்கிழமை வந்துவிட்டது.

அன்று பதினொரு மணிக்கு நான் மில்லை ஓட்டவில்லை. செத்துப்போன போனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். இதே நேரம் அவன் அங்கே ஒரு வரிசையில் நின்று, முறை வந்ததும் எண்ணைத் தட்டிக் காதில் வைத்திருப்பான். ரிசீவரைத் தூக்கி, "தம்பி" என்று சொல்லிப் பார்த்தேன். பைத்தியக்காரத்தனம்தான். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன். வீட்டுக்காரர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"நேர்ல போயி மனுப் போட்டுப் பாத்துட்டு வந்துருவோமா?" என்றார். சிறையில் இருப்பவர்களைப் பார்க்கப் போவதை மனு பார்ப்பது என்றுதான் இங்கே சொல்வார்கள். அவர் ஏற்கெனவே நாலைந்து முறை போய்வந்தவர்.

"நான் அந்தப் படி ஏற மாட்டேன்னு சொல்லியிருக்கேன்."

"செல் நம்பரையாவது சேத்துவிடலாம்ல?"

"இப்பல்லாம் அதுக்கும் கூடப் பொறந்தவ நேர்ல வந்து எழுதிக் குடுக்கணுமாம்ல?"

"அப்ப நான் மட்டும் போயிச் சொல்லிட்டு வாரேன்."

"நீங்க போயி என்னன்னு சொல்லுவீங்க? லைன் ரிப்பேர்னா?"

அந்தப் பழைய பொய் அவருக்கும் தெரியும். புலி வருது புலி வருது என்று நான் ஏற்கெனவே ஒருமுறை சொல்லி முடித்துவிட்டேன். இப்போது நிஜமாகவே புலி வந்து மேசைமேல் உட்கார்ந்திருக்கிறது. இன்னொருத்தர் வாயால் அதைச் சொல்லி அனுப்பினால் அவன் என்ன நினைப்பான்? அக்கா மறுபடியும் ஆரம்பித்துவிட்டாள், இந்தத் தடவை மச்சானையும் சேர்த்துக்கொண்டு.

கடிதம் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். 'தம்பிக்கு, லைன் ரிப்பேர்' என்று எழுதினேன். அந்த இரண்டு சொல்லையும் பார்த்தேன். நானே நம்பமாட்டேன் போலிருந்தது. கிழித்துப் போட்டேன். இன்னொரு தாள் எடுத்து, 'இந்தத் தடவை நிஜமாகவே லைன் ரிப்பேர்' என்று எழுதினேன். அது இன்னும் மோசம். போன தடவை பொய் என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. அதையும் கிழித்தேன். உண்மையைச் சொல்ல எனக்கு மொத்தத்தில் ஒரு சொல்லும் மிச்சமில்லை என்று அன்றைக்குத் தெரிந்தது. அழுகைகூட வந்தது. மிளகாய்க் கார நெடி என்று சொல்லிக்கொண்டேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை லைன்மேன் வந்து நின்றார், தோளில் புது வயர்ச் சுருள். நான் பேசின பேச்சுக்கு அவர் அங்கேயே சுருளைப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். "வயர் வந்தாத்தானுங்க்கா நான் வர முடியும், நானென்ன பண்ணட்டுமுங்க" என்று மட்டும் சொன்னார். பாவம். யார்மேலோ உள்ள கோபம் கிடைத்தவர்மேல் விழுந்தது.

புது வயரை இழுப்பதற்கு முன்னால், பழையது எங்கே உடைந்திருக்கிறது என்று பார்த்துவிடலாம் என்றார். பேனா மாதிரி ஒரு சாதனத்தைக் காட்டினார். கம்பத்தின் முனையில் அதை மாட்டினால் இழைக்குள் சிவப்பு வெளிச்சம் ஓடுமாம். உடைந்த இடத்தில் வெளியே கசியுமாம். எங்கேயும் உடையவில்லை என்றால் இந்த முனை வழியாக வந்து சுவரில் சிவப்புப் புள்ளியாக விழுமாம்.

"பச்சை மூக்கப் புடிச்சுச் சுவத்துல காட்டுங்க்கா. கண்ணுல மட்டும் காட்டிராதீங்க, கெட்டுப்போயிருமுங்க."

அவர் கம்பத்தில் ஏறினார். நான் மில்லுக்குள் பச்சை மூக்கைச் சுவருக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்காரர் நடுவில் வயரைப் பார்த்தபடி நடந்தார்.

"விழுதுங்களா?" என்று மேலேயிருந்து குரல்.

"இல்லப்பா!"

"வயர்ல எங்கியாச்சும் செவப்பாத் தெரியுதுங்களா?"

"ஒண்ணும் தெரியல!" என்றார் வீட்டுக்காரர்.

எங்கேயும் உடையவில்லை, ஆனால் வந்து சேரவும் இல்லை. அப்படியென்றால் வெளிச்சம் எங்கேதான் போகிறது? குழப்பத்தில் கை தாழ்ந்தது. அப்போது பக்கவாட்டில் பார்த்தேன். சுவரில்தான் புள்ளி இல்லை. மூக்கின் நுனி மட்டும் உள்ளுக்குள்ளே கனன்றுகொண்டிருந்தது, சாம்பல் மூடின கங்கு மாதிரி. வெளிச்சம் வாசல்வரை வந்துவிட்டது. கதவு மட்டும் திறக்கவில்லை.

லைன்மேன் பேனாவை அணைத்துவிட்டு இறங்கி வந்து, சட்டைப் பையிலிருந்த சின்ன பூதக்கண்ணாடியை எடுத்து அந்த நுனியைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஏனுங்க்கா, இதென்னங்க இது? மஞ்சக் கலர்ல ஒட்டிக் காஞ்சு கெடக்குதுங்க. நடுவுல செவப்பா வேற இருக்குதே?" மோந்து பார்த்தார். அவர் முகம் மாறியது. "சந்தனமுங்களா?"

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஞாபகம் என்றுகூடச் சொல்ல முடியாது. கை செய்ததைக் கைதான் ஞாபகப்படுத்தியது. பூஜைக்கு முதல்நாள் பெட்டியைத் துடைத்தேன். பச்சை மூக்கு கையோடு வந்தது. ஈரத்துணியால் அதைத் துடைத்தேன். பிறகு எங்கள் மில்லின் வழக்கப்படி, கையில் எடுத்ததைப் பொட்டில்லாமல் வைக்கக் கூடாது என்று, நடுவிரலால் சந்தனத்தைத் தொட்டு அந்த மூக்கு நுனியில் ஒன்று, அதன்மேல் குங்குமம் ஒன்று. கும்பிட்டுவிட்டு அழகாகத் திரும்பச் சொருகிவிட்டேன். எலியுமில்லை, அணிலுமில்லை, இடியுமில்லை. தம்பியின் குரல் வருகிற ஊசிமுனை வாசலைச் சந்தனத்தால் அடைத்தவள் நான்தான்.

வீட்டுக்காரர் சிரிக்க ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நிறுத்திக்கொண்டார்.

"நாங்களும் மீட்டருக்குப் பொட்டு வெப்பமுங்க" என்றார் லைன்மேன், என்னைத் தேற்றுகிற மாதிரி. "வெளிய வெப்பம். மொத நாளே நான் இதத் தொடச்சுப் பாத்திருக்கோணும். எம்பேர்லயும் தப்பு இருக்குதுங்க." ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் நுனியை மூன்று முறை துடைத்துப் பெட்டியில் சொருகினார். சிவப்பு அணைந்தது. கொஞ்ச நேரத்தில் பச்சை வந்தது.

ரிசீவரை எடுத்தேன். அதே காற்று.

"என்னப்பா இது?" என்று கத்தியேவிட்டேன்.

அவர் குனிந்து பெட்டியின் கீழ்ப்பக்கத்தைப் பார்த்தார். போன் வயர் போனுக்கான ஓட்டையில் இல்லை. பக்கத்தில் கணினிக்கான ஓட்டையில் இருந்தது. அந்த ஓட்டை பெரியது. சின்ன முனையும் அதில் தாராளமாக உட்கார்ந்துகொள்கிறது. பிடுங்கி ஊதித் திரும்பச் சொருகின வைத்தியரை நான் திரும்பிப் பார்த்தேன். அவர் மிளகாய் மூட்டையை நகர்த்தப் போய்விட்டார். சரியான ஓட்டையில் மாற்றியதும் காதுக்குள் அந்த ரீங்காரம் வந்தது. இம்புட்டு இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை.

மறுநாள் புதன்கிழமை. பத்தரைக்கே உட்கார்ந்துவிட்டேன். ஐந்து விளக்கும் ஒழுங்காக எரிந்தன. பதினொன்று ஆனது. பதினொன்று இருபதுக்குப் போன் அடித்தது. பாய்ந்து எடுத்தேன்.

"நாந்தேன்" என்றார் வீட்டுக்காரர், வாசலிலிருந்து, கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு. "வேலை செய்யுதான்னு பாத்தேன்."

"இந்த நேரத்துல அவன் கூப்ட்டா என்னாகும்? வைங்க முதல்ல!"

அன்று அவன் கூப்பிடவில்லை. பெட்டியில் எல்லாம் பச்சை. ரீங்காரம் இருக்கிறது. வெளியிலிருந்து கூப்பிட்டால் மணி அடிக்கிறது. என் தம்பி மட்டும் வரவில்லை. லைன் செத்திருந்த இரண்டு புதன்கிழமைகளில்கூட நான் இப்படித் தவித்ததில்லை. அப்போது குற்றம் சொல்ல ஒரு சிவப்பு விளக்கு இருந்தது. இப்போது யாரைக் கூப்பிட்டு, எந்த எண்ணை அழுத்தி, என்னவென்று புகார் கொடுப்பது? சாயங்காலம் ஆனதும் வீட்டுக்காரரிடம், "ஏங்க, மனுப் பாக்க என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?" என்று கேட்டேன். அவர் என் ஆதார் அட்டையை எடுத்துவந்து மேசையில் வைத்தார்.

சனிக்கிழமை போனோம். ஒன்றேகால் மணி நேரப் பேருந்துப் பயணம். ஏற மாட்டேன் என்று சொன்ன படி மொத்தம் மூன்றுதான் இருந்தது. நான் என்னவோ மலைக்கோட்டைப் படி மாதிரி நினைத்து வைத்திருந்தேன்.

உள்ளே அவனுக்கும் எனக்கும் நடுவில் கண்ணாடித் தடுப்பு. அவன் பக்கம் ஒரு ரிசீவர், என் பக்கம் ஒரு ரிசீவர். முகத்தை நேருக்கு நேர் வைத்துக்கொண்டு போனில்தான் பேச வேண்டுமாம். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தம்பிக்கு முன்தலையில் முடி போயிருந்தது. இதை எந்தப் புதன்கிழமையும் போன் எனக்குச் சொல்லவில்லை. என்னைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு உட்கார்ந்து ரிசீவரை எடுத்தான்.

"என்னக்கா, லைன் ரிப்பேரா?" என்றான். சிரித்துக்கொண்டேதான் கேட்டான். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை.

"ஆமாடா" என்றேன். "போன தடவ சொன்னது பொய்யி. இந்தத் தடவ நெசம்."

வாயிலிருந்து அது இவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. இரண்டு தாளில் எழுத முடியாதது. பிறகு நிறுத்தாமல் எல்லாவற்றையும் சொன்னேன். சிவப்பு விளக்கு, எலி, அணில், புது வயர், பச்சை மூக்கு, சந்தனம். ஒரு வார்த்தையும் நம்பும்படியாக இல்லை. சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகமாக இருந்தது.

"போனுக்கா பொட்டு வச்ச?"

"மில்லுல இருக்குற எல்லாத்துக்கும்தானே வைப்போம். சோறு போடுறது அதெல்லாம்."

"போனு என்னக்கா சோறு போடுது?"

மழுப்பல் ஒன்றும் வரவில்லை. "அதுலதானடா நீ வார" என்றேன்.

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். காதில் மட்டும் அவன் மூச்சு கேட்டது. திரும்பினபோது கண் சிவந்திருந்தது. "ரெண்டு வாரம் பாத்தேன். சரி, அக்காவுக்கு மறுபடியும் வெறுத்துப்போச்சு போலன்னு நெனச்சேன். இந்தப் புதன்கெழமை என் முறையை இன்னொரு ஆளுக்கு விட்டுக் குடுத்துட்டேன். அவனுக்குப் புள்ள பொறந்திருக்கு."

"லைன் செவ்வாக்கெழமையே சரியாயிருச்சுடா."

"சரியாயிருச்சுல்ல? பின்ன ஏன் நேர்ல வந்த?"

"நீ கூப்புடலயே."

"கூப்ட்டிருந்தா வந்திருக்க மாட்டேல்ல?"

மாட்டேன். அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தலையைக் குனிந்துகொண்டேன். பின்னாலிருந்து காவலர் நேரமாகிவிட்டது என்றார்.

"புதன்கெழமை கூப்புடு" என்றேன். "கண்டிப்பா எடுப்பேன்."

"கூப்புடுறேன்." ரிசீவரை வைக்கப் போனவன், திரும்பக் காதருகே கொண்டுவந்தான்.

"அக்கா, மாசத்துக்கு ஒருக்கா அந்த மூக்குல ஒரு பொட்டு வையி."